கணக்கில் ஏறிய கிராமம்

டில்லியிலோ மும்பையிலோ நாகபுரியிலோ குடியேறி வாழும் நம் போன்ற தமிழர்க்கு, சொந்த ஊரோடு உள்ள உறவு பெரும்பாலும் காதின் வழியே நடைபெறுகிறது. கடிதம் எழுதும் வழக்கம் அருகிவிட்டது. வாரம் ஒருமுறை கைப்பேசியில் பேசுவதே கடிதத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தலைநகரில் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் எனக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி அம்மாவுக்கு உரிய நேரம். அவர் இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறார். வீட்டுக்குள் இருந்து பேசினால் குரல் துண்டு துண்டாகவே வந்து சேரும். ஆகவே மாடிப்படியில் ஏறி, மூன்றாவது படியில் நின்று பேசுவார். "நாலாம் படிக்குப் போனால் உன் குரல் போய்விடுகிறதப்பா" என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் இதனைக் குறித்துச் சேவை நிறுவனத்திற்கு ஒரு முறையீடு எழுதினேன். பணிவான மறுமொழி வந்தது. தங்கள் வரைபடத்தில் அந்த ஊர் பச்சை நிறப் பகுதியில் அமைந்திருப்பதாகவும், ஆகவே அங்கே அகலப்பட்டைச் சேவை கிடைக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். வரைபடத்தில் பச்சை, மூன்றாம் படிக்கு மேலும் கீழும் வெறுமை! இந்தப் பச்சையைத் தீட்டியவர் யார் என்று விசாரிக்கப் புகுந்தேன். ஒருவரும் எங்கள் ஊருக்கு வந்து பார்த்துத் தீட்டியதன்று. கணிப்பொறி கணக்கிட்டுத் தீட்டியது என்று தெரிந்தது. அந்தக் கணக்கின் வரலாற்றையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

கைப்பேசி வலையை நிலத்தில் கட்டுவதற்கு முன்னால், கோபுரங்களையும் கைப்பேசிகளையும் அவற்றிடையே ஓடும் அலைகளையும் மென்பொருளுக்குள் எண்களாக அமைத்து, அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதைச் சிமுலேஷன் என்பர். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இதற்குத் தமிழ்ச் சொல் தேடினேன். 'பாவனைச் சோதனை' என்று இங்கு வழங்குகிறேன். நவராத்திரியில் நம் வீட்டுக் குழந்தைகள் கொலுப்படிக்கு அருகே மணலைப் பரப்பிப் பூங்கா கட்டுவது உண்டன்றோ? கண்ணாடித் துண்டு குளமாகும். கடுகும் கேழ்வரகும் முளைத்து வயலாகும். அது மெய்யான ஊர் அன்று. ஆயினும் எந்தத் தெரு எங்கே வளைய வேண்டும் என்பதை அதிலே மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். பாவனைச் சோதனையும் அத்தகையதே. குளத்தை வைக்க மறந்தால் அந்த ஊரில் குளம் இராது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். நாம் சொல்லப்போகும் கதை முழுவதும் அதைப் பற்றியதே.

தொலைபேசியைக் கணக்கில் கட்டுப்படுத்திய முன்னோடி டென்மார்க்கு நாட்டு எர்லாங் என்பவர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1909-இல் தொலைபேசி அழைப்புகளுக்கு நிகழ்தகவுக் கணிதத்தைப் பொருத்திக் காட்டினார். இத்தனை பேர் பேச விரும்பினால் இத்தனை கம்பிகள் வேண்டும் என்று கூறும் அவரது சூத்திரம் 1917-இல் வெளிவந்தது. காகிதமும் எழுதுகோலுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. கம்பி ஓரிடத்தில் நிலையாக இருப்பது. பேசுவோரும் ஓரிடத்தில் இருப்பவர். ஆகவே கணக்கும் காகிதத்தில் அடங்கியது.

காகிதத்தில் அடங்காத கணக்குகளுக்கு வழி பிறந்தது, 1946-இல். அமெரிக்காவில் நோயுற்றுத் தேறிக்கொண்டிருந்த உலாம் என்னும் கணித அறிஞர் பொழுதுபோக்காகத் தனியாட்டச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெற்றியில் முடிவதற்கு எத்தனை வாய்ப்பு உண்டு என்பதைச் சூத்திரத்தால் காண முயன்று சலித்தார். நூறு முறை ஆடிப் பார்த்து, எத்தனை முறை வென்றோம் என்று எண்ணினால் போதாதா என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அதை நண்பர் வான் நியூமனிடம் சொன்னார். அக்காலத்து எனியாக் என்னும் கணிப்பொறி அந்த ஆட்டத்தை மனிதரினும் பன்மடங்கு விரைவாக ஆடியது. சூதாட்ட நகரின் பெயரால் 'மான்டி கார்லோ முறை' என்று வழங்கும் இதனை, 1949-இல் மெட்ரோபொலிசும் உலாமும் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று கணிப்பொறிக்குள் கைப்பேசிகளை மனம்போனபடி இறைத்துவிட்டு, என்ன நேர்கிறது என்று எண்ணிப் பார்க்கும் முறை, அந்தச் சீட்டாட்டத்தின் வழித்தோன்றலே.

கணக்குக்கு வழி பிறந்த அதே காலத்தில், கணக்கிட வேண்டிய பொருளும் பிறந்தது. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிங் என்பவர் ஒரு குறிப்பு எழுதினார். ஒரு நகரம் முழுவதற்கும் வலிமை மிக்க ஒரே கோபுரம் வைப்பதை விட, நகரத்தைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, அறைக்கொரு சிறு கோபுரம் நாட்டினால், ஓர் அறையில் பயன்படுத்திய அலைவரிசையைத் தொலைவிலுள்ள மற்றோர் அறையில் மறுபடியும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தேன்கூட்டைப் போல அறைகள் அறுகோணங்களாக வரையப்பட்டன. அறைக்கு ஆங்கிலத்தில் செல் என்று பெயர். நாம் அன்றாடம் சொல்லும் 'செல்போன்' அதிலிருந்து வந்ததே. ஆனால் அறுகோணம் காகிதத்தில்தான் உண்டு. மெய்யான அலை மரத்திலும் மேட்டிலும் சுவரிலும் மோதித் தளர்ந்து, தன் எல்லையைத் தானே கோணல்மாணலாக வரைந்துகொள்ளும்.

அந்தத் தளர்ச்சியை அளந்தவர்கள் ஜப்பானியர். ஒக்குமுரா என்பவரும் அவர்தம் தோழர்களும் தோக்கியோ நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கருவிகளோடு அலைந்து, அலையின் வலிமை தூரத்தோடு எவ்வாறு குறைகிறது என்பதை வளைகோடுகளாக 1968-இல் வெளியிட்டார்கள். 1980-இல் ஹட்டா என்பவர் அவ்வளைகோடுகளைக் கணிப்பொறி எளிதில் கையாளும் சூத்திரங்களாக மாற்றினார். நகரம், புறநகர், திறந்தவெளி என்று அவற்றில் வகைகள் உண்டு. உலகெங்கும் வலை அமைப்போர் அச்சூத்திரத்தைக் கையாண்டனர்; இன்றும் பொறியியல் மாணவர் அதனைக் கற்கின்றனர். நல்ல உழைப்பின் பயன் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த எண்களுக்குள் இருக்கும் தெரு தோக்கியோத் தெரு. அதனை வேற்றூருக்குப் பொருத்துவோர் அவ்வூரில் அளந்து எண்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்தாமல் பொருத்தினால், வரைபடம் பச்சையாகவும் ஊர் வெறுமையாகவும் இருப்பதில் வியப்பென்ன?

இனி, மூன்றாம் படியின் இரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். கோபுரத்திலிருந்து புறப்பட்ட அலை ஒரே வழியில் நம்மிடம் வருவதில்லை. சுவரில் பட்டு ஒன்று, தண்ணீர்த் தொட்டியில் பட்டு ஒன்று, நேரே ஒன்று என்று பல வழிகளில் வருகிறது. வந்தவை ஒன்றோடொன்று கூடும்போது சில இடங்களில் வலுப்பெறும். சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். ஆகவே ஒரு சாண் தூரத்திற்குள் நிலைமை நேர்மாறாக ஆகிவிடக்கூடும். 1968-இல் கிளார்க் என்பவர் இதற்கொரு கணித உருவம் தந்தார். 1974-இல் ஜேக்ஸ் தொகுத்த நூல், சில அலைகளைக் கூட்டியே இந்த ஏற்ற இறக்கத்தைப் பாவனையாக உண்டாக்கும் வழியைப் பரப்பியது. ஒரு படி ஏறினால் குரல் போய்விடுகிறது என்று என் தாய் சொன்னது வெறும் பேச்சன்று. விஞ்ஞானம் ஒப்புக்கொண்ட உண்மையே.

அலையின் கதை இவ்வாறு ஒருபுறம் வளர, செய்தியின் கதை மற்றொருபுறம் வளர்ந்தது. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் டால், நைகார்ட் என்னும் இருவர் 1960-களில் சிமுலா என்ற கணிப்பொறி மொழியை, பாவனைச் சோதனைக்கென்றே ஆக்கினார்கள். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு விபரீதம் நேர்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற்கும் இடையே, 400 கெஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட்டுகள் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு, நெரிசலால் விநாடிக்கு 40 பிட்டுகளாகச் சுருங்கிவிட்டது. நெரிசல் ஏன் நேர்கிறது, எப்படித் தீர்ப்பது என்பதை ஓடும் வலையில் சோதித்துப் பார்ப்பது இயலாது. பாவனை வலை தேவைப்பட்டது. டில்லி ஐ.ஐ.டி.யில் பயின்று பெர்க்லிக்குச் சென்ற எஸ். கேசவ், 1988-இல் 'ரியல்' என்னும் பாவனை மென்பொருளை அமைத்தார். அதன் வழியில் வந்ததே என்.எஸ். எனப்படும் மென்பொருள் வரிசை. என்.எஸ்-2 பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. 2006-இல் தொடங்கிய என்.எஸ்-3 திட்டம் 2008-இல் தன் முதல் வெளியீட்டைத் தந்தது. இதனை யாரும் விலையின்றிப் பெற்று, திறந்து பார்த்து, திருத்தலாம். கோபுரம் வாங்கப் பணமில்லாத கல்லூரி மாணவனும் கணிப்பொறிக்குள் கோபுரங்களை நாட்டிப் பார்க்கும் உரிமை பெற்றான்.

நடமாடும் அகலப்பட்டையின் காலம் இதற்குள் வந்துவிட்டது. வைமாக்ஸ் என்னும் முறையின் நடமாடும் வடிவம் 2005-இல் தரமாக்கப்பட்டது. 2006-இல் தென்கொரியாவில் அதன் கொரிய வடிவமான வைப்ரோ சேவைக்கு வந்தது. எல்.டி.இ. என்னும் முறை 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் தொடங்கி, பின்னர் உலகை வென்றது. நம் நாட்டில் கம்பியில்லா அகலப்பட்டைக்கான அலைவரிசை ஏலம் 2010-இல் நடந்தது. கொல்கத்தாவில் 2012 ஏப்ரலில் முதல் நான்காம் தலைமுறைச் சேவை தொடங்கியது. இம்முறைகளுக்கெல்லாம் பாவனை வலைகள் எழுந்தன. இத்தாலியின் பாரி நகரத்தாரும், பார்சலோனா ஆய்வு நிலையத்தாரும் எல்.டி.இ.க்கு ஆக்கித் தந்த மென்பொருள்கள் பெயர் பெற்றவை. பல வாங்கிகளைக் கொண்டு பல செய்தி ஓடைகளை ஒருங்கே அனுப்பும் முறையும் இக்காலத்தில் பரவியது. பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் 1994-இல் காப்புரிமை பெற்ற கருத்து அது. வலையின் ஆற்றலை அது பெருக்கியது. கணக்கிடுவோரின் சுமையையும் பெருக்கியது.

அந்தச் சுமை எத்தகையது? வழக்கமான பாவனை வலையில் 19 கோபுரங்கள் தேன்கூடு போல நிற்கும். ஒவ்வொன்றும் மூன்று திசைகளை நோக்கும்; ஆக 57 பகுதிகள். பகுதிக்குப் பத்துப் பேர் என்று கொண்டால் 570 கைப்பேசிகள் இறைக்கப்படும். ஒவ்வொரு கைப்பேசிக்கும் 57 பகுதிகளிலிருந்தும் வரும் அலையைக் கணக்கிட்டால் 32,490 இணைப்புகள். எல்.டி.இ.யில் கோபுரம் ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு ஒருமுறை, யாருக்கு இப்போது அலையைக் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. ஆகவே பத்து விநாடி வாழ்க்கையைப் பாவனை செய்ய, இத்தனை இணைப்புகளையும் 10,000 முறை கணக்கிட வேண்டும். பிறகு கைப்பேசிகளை வேறுவிதமாக இறைத்து மறுபடியும் தொடங்க வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது என்ற முடிவிலே ஓர் அறநெறி வினாவும் உண்டு. கோபுரத்தின் அடியில் இருப்பவருக்கே அள்ளிக் கொடுத்தால் மொத்தக் கணக்கு மிக உயர்ந்து காட்டும். எல்லையில் இருப்பவர் பட்டினி. எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்தால் மொத்தம் தாழ்ந்துவிடும். ஆகவே சராசரியை மட்டும் சொன்னால் போதாது என்று பொறியாளர் விதி செய்துகொண்டனர். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2008-இல் நான்காம் தலைமுறைக்கு வகுத்த தேவைகளில், வரிசையின் அடியில் இருக்கும் 5 விழுக்காட்டினரின் எல்லையில் கிடைக்கும் அளவும் தனியே கேட்கப்பட்டது. கடைசி வரிசையில் நிற்பவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கும் கணக்கு நல்ல கணக்குத்தான்.

கணக்கிடுவோர் எல்லாரும் நாணயமாகக் கணக்கிட்டனரா? 2005-இல் அமெரிக்காவின் காலராடோ சுரங்கப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர் மூவர், கோபுரமின்றித் தாமே இணையும் நடமாடும் வலைகளைப் பற்றிப் புகழ்பெற்ற ஒரு மாநாட்டில் வந்த கட்டுரைகளைப் பரிசோதித்தனர். மற்றொருவர் மறுபடி செய்து பார்க்கத்தக்க வகையில் விவரம் தந்தவை 15 விழுக்காட்டிற்கும் குறைவு என்று அறிவித்தனர். எந்த மென்பொருள், எந்த எண்கள், எத்தனை முறை என்பவற்றைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்வது, மூலத்தைக் காட்டாமல் மொழிபெயர்ப்பை மட்டும் காட்டுவது போன்றது. அலுவலகத்தில் நான் அத்தகைய மொழிபெயர்ப்பில் கையொப்பமிட மாட்டேன்.

நாணயமான கணக்கிலும் ஒரு குறை இருக்கலாம். அது, எதைக் கணக்கில் சேர்த்தோம் என்பதைப் பொறுத்தது. நான்காம் தலைமுறை முறைகளை மதிப்பிட 2009-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில் அந்த ஒன்றியம் 'கிராமப்புறம்' ஒன்றையும் வரைந்திருந்தது. அதில் கோபுரத்திற்குக் கோபுரம் 1,732 மீட்டர் தூரம். அங்கே கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் வண்டிகளில் செல்வோர்! நெடுஞ்சாலைகள் ஊடுருவிச் செல்லும் செல்வ நாட்டின் நாட்டுப்புறம் அது. வயலுக்கு நடந்து செல்பவரும், திண்ணையில் அமர்ந்திருப்பவரும், மாடிப்படியில் நிற்கும் மூதாட்டியும் அங்கே இல்லை. யாரும் அவர்களை வேண்டுமென்றே விலக்கவில்லை. கொலுப் பூங்காவில் குளத்தை வைக்க மறந்த கதைதான்.

இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியவர்கள் இந்தியப் பொறியாளர்கள். 2014-இல் நம் நாட்டில் தொலைத்தொடர்புத் தர வளர்ச்சிச் சங்கம் ஒன்று அமைந்தது. சென்னை, ஐதராபாத் ஐ.ஐ.டி.களின் ஆய்வாளர்களும், சென்னையில் இயங்கும் கம்பியில்லாத் தொழில்நுட்ப உயர் நிலையத்தாரும் அதில் உழைத்தனர். அவர்கள் வாதம் எளிமையானது. இந்தியாவில் ஏறத்தாழ 2.5 லட்சம் கிராமப் பஞ்சாயத்துகள் உள்ளன. 2011-இல் ஒப்புதல் பெற்ற தேசியத் திட்டத்தின்படி கண்ணாடி இழை பஞ்சாயத்து வரை வருகிறது. அங்கே ஒரு கோபுரம் நின்றால் சுற்றியுள்ள சிற்றூர்களையும் அது எட்ட வேண்டும். ஊருக்கொரு கோபுரம் நாட்ட நமக்குப் பொருள் வசதி போதாது. ஆகவே கோபுர இடைவெளி பெரிதாகவும், மக்களின் வேகம் சிறிதாகவும் உள்ள ஒரு கிராமத்தையும் சோதனையில் சேர்க்க வேண்டும் என்றனர்.

2017-இல் ஐந்தாம் தலைமுறைக்கென வெளிவந்த வழிகாட்டியில் அந்தக் கிராமம் இடம்பெற்றது. 'குறைந்த வேகம், பெரிய அறை' என்று பொருள்படும் பெயர் அதற்கு. கோபுர இடைவெளி 6,000 மீட்டர். அலைவரிசை 700 மெகாஹெர்ட்ஸ். அறுகோணக் கணக்குப்படி, ஒரு கோபுரம் காக்க வேண்டிய பரப்பு பழைய கிராமத்தினும் 12 மடங்கு. மக்களில் 40 விழுக்காட்டினர் வீட்டுக்குள். 40 விழுக்காட்டினர் வெளியே மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடப்போர். எஞ்சிய 20 விழுக்காட்டினர் வண்டியில், அதுவும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில். இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. ஐந்தாம் தலைமுறை என்று பெயர் பெற விரும்பும் எந்த முறையும் கிராமச் சோதனையின் சராசரி அளவுகோலை இந்தக் கிராமத்திலும் எட்டிக் காட்டியாக வேண்டும் என்பது நிபந்தனை ஆயிற்று. அதன்பின் எந்த நாட்டார் தம் முறையைச் சோதித்தாலும், தம் கணிப்பொறிக்குள் இந்தியக் கிராமம் ஒன்றைக் கட்டியே தீர வேண்டியதாயிற்று.

அச்சங்கத்தார் தாமே வகுத்த '5ஜிஐ' என்னும் முறையும் 2021-இல் ஒன்றியத்தின் ஒப்புதல் பெற்ற ஐந்தாம் தலைமுறை முறைகளுள் ஒன்றாயிற்று. தொலைவிலுள்ள கைப்பேசி தன் குரலைக் கோபுரம் வரை எட்டச் செய்யும் உத்தி அதன் சிறப்பு. தனித் தரமாக அது நிலைபெறவில்லை. உலகப் பொதுத் தரத்தின் 17-ஆம் வெளியீட்டோடு அது இணைக்கப்பட்டது. தனிப்பெயர் மறைந்ததை இழப்பு என்பாரும் உண்டு; பொதுவில் கலந்ததே பயன் என்பாரும் உண்டு. தனிப்பெயர் மறைந்தாலும், வழிகாட்டியில் ஏறிய கிராமம் அங்கேயே இருக்கிறது என்பது என் மகிழ்ச்சி.

மகிழ்ச்சியிலும் அளவு வேண்டும். வழிகாட்டியில் ஒரு வரி ஏறியதால் ஊரில் ஒரு கோபுரம் எழுந்துவிடாது. 2022 அக்டோபரில் நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியது. எங்கள் ஊரில் அம்மா இன்னும் மூன்றாவது படியில்தான் நிற்கிறார். கணக்கு தவறாமல் இருப்பது முதற்படி; அதன்படி பொருள் செலவிடுவது அடுத்த படி. இரண்டுக்கும் இடையே குடிமக்களாகிய நமக்கும் ஒரு பணி உண்டு. 2024-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகளின்படி, சேவை நிறுவனங்கள் தம் வரைபடங்களைப் பொதுமக்கள் காணும்படி வெளியிட வேண்டும். நம் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று நாமே பார்க்கலாம். நிறமும் நிலைமையும் ஒவ்வாவிடில், எந்த இடத்தில், எந்த நேரத்தில், வீட்டுக்குள்ளா வெளியிலா என்று விவரமாக எழுதி அனுப்பலாம். ஒக்குமுராவும் தோழர்களும் தெருத்தெருவாக அலைந்து செய்ததும் இடத்தையும் அளவையும் குறித்துக்கொள்வதே அன்றோ?

சென்ற மாதம் இரண்டாம் முறையாக முறையீடு எழுதினேன். இம்முறை வெறுமனே "சேவை சரியில்லை" என்று எழுதவில்லை. எட்டுப் படிகளில் ஒவ்வொன்றிலும் நின்று, எங்கே குரல் கேட்கிறது, எங்கே அறுகிறது என்று அம்மா சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்ட பட்டியலை இணைத்திருக்கிறேன். எழுபது வயதைக் கடந்தவர். ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். அந்த வழிகாட்டியில் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடப்போர் என்று குறிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர் என்று எண்ணிக்கொண்டேன்.